பெட்டி உங்களுடையது, சாவி யாரிடம்?

தோட்டத்து ஆபீஸில் இருந்த இரும்பு அலமாரியை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய கிராணியாரின் நாற்காலிக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், ஆள் உயரத்துக்கு நிற்கும். அதற்குள்ளேதான் நம் குடும்பங்களின் கதை முழுவதும் அடங்கிக் கிடந்தது. யார் என்றைக்குப் பெயர் பதிந்தார், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், யார் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், எல்லாம் அங்கேதான். கிராணியார் வாய் திறக்காதவராக இருந்தால் நம் பாடு தப்பியது. மாலையில் கடைப் பக்கம் வந்து பேசுகிறவராக இருந்தால், நாம் வாங்கிய கடன் நமக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

அந்த அலமாரி இப்போது எங்கே போயிற்று? உங்கள் கையில் இருக்கும் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வங்கி, காப்புறுதி நிறுவனம், தனியார் மருத்துவமனை, விமானக் கம்பெனி என்று ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளர்களுக்கு இணையத்தில் ஒரு கணக்கைத் திறந்து வைத்திருக்கிறது. இதைப் 'போர்ட்டல்' என்கிறார்கள். பெரிய வாசல் என்பது அந்தச் சொல்லின் பொருள். வாசல் பெரியதுதான். அதற்கு எத்தனை பூட்டு, சாவி யார் யாரிடம் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். எனக்கு இந்த அக்கறை வந்தது ஓர் அக்காவால்.

பால் வெட்டிய விரல்

அந்த அக்காவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தென் செபராங் பிறையில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு நிபோங் திபால் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்து, மருத்துவமனைச் செலவுக்கான ஒரு பாலிசியை எடுத்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை. தீபாவளிக்கு வருவார், காப்பி குடிப்பார். நிறுவனம் இணையக் கணக்கு தொடங்கியபோது, "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் எதுக்குத் தலைவலி? நானே திறந்து வெச்சிடறேன்" என்றார். அக்காவின் மைகார்டை இரண்டு பக்கமும் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். கணக்கையும் திறந்தார். ஆனால் அதில் கைப்பேசி எண் என்று கேட்ட இடத்தில் தன் எண்ணையும், மின்னஞ்சல் என்ற இடத்தில் தன் முகவரியையும் போட்டுவிட்டார்.

கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை செய்கிறான், மருமகன் செய்கிறான், கைப்பேசிக் கடைக்காரன் செய்கிறான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்கிற உதவி.

சிக்கல் எப்போது வந்தது? அக்கா சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவமனையில் படுத்து எழுந்து, பணம் கேட்டபோது வந்தது. நிறுவனத்துக்குப் போன் செய்தால், "உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பியிருக்கிறோம், அதைக் கணக்கில் போடுங்கள்" என்கிறார்கள். அக்காவின் கைப்பேசி சும்மா கிடக்கிறது. எண் போய்ச் சேர்ந்தது முகவரின் கைப்பேசிக்கு! அவரோ அந்த வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. அழைத்தால் எடுப்பதில்லை.

எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில் அக்காவின் அடையாளக் கார்டு எண் இருக்கிறது. வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண், இறந்த பிறகு பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற விவரம், சர்க்கரை நோய் எப்போது வந்தது, கர்ப்பப்பையை எப்போது எடுத்தார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. தன் சொந்த மகளிடம்கூட அக்கா சொல்லாத விஷயங்கள், காப்பி குடித்துவிட்டுப் போன ஒரு பிள்ளையின் சட்டைப் பையில் ஐந்து ஆண்டுகளாக இருந்திருக்கின்றன.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாள் நானும் அக்காவும் கிளம்பினோம். நிபோங் திபாலில் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் ஜோர்ஜ்டவுன். படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் கிளை. முகப்பில் இருந்தது நம் பிள்ளை ஒருத்தி. மைகார்டை ஒரு கருவியில் செருகி, "கட்டைவிரலை இதில் வையுங்கள், அம்மா" என்றாள். அக்கா வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. முப்பது ஆண்டுகள் கத்தி பிடித்து, ஆசிட் பட்டு, கட்டிப்பால் பிடுங்கிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? அக்கா வெட்கப்பட்டுக் கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. இடது கட்டைவிரல்தான் கடைசியில் பச்சை விளக்கைக் காட்டியது.

அத்தோடு அந்தப் பெண் விடவில்லை. மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், எந்த ஆண்டு பாலிசி எடுத்தீர்கள், பணத்துக்கு யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டாள். சரியாகச் சொன்ன பிறகுதான் முகவரின் எண்ணை எடுத்துவிட்டு அக்காவின் எண்ணைப் பதிந்தாள். நான் சும்மா இருக்காமல், "இதே எண் இன்னும் எத்தனை பேர் கணக்கில் இருக்கிறது, தங்கச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "அதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றாள்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. படகில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதிலேயே சரியான பதில் அதுதான்! எனக்குச் சொல்லியிருந்தால், நாளைக்கு வேறு யாருக்கோ அக்காவைப் பற்றியும் சொல்லுவாள் அல்லவா?

செட்டியார் பெட்டி

அன்று வெயிலுக்கு ஒதுங்கி பினாங்கு ஸ்திரீட் வழியாக நடந்து வந்தோம். நம்மவர்கள் 'லிட்டில் இந்தியா' என்று சொல்லும் இடம். இந்தத் தெருவில்தான் ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. தண்ணீர்மலை வீதியில் 1857ல் கோயில் கட்டிய அதே சமூகத்தார். கிட்டங்கி என்றால் நீண்ட கூடம். தனித்தனி அறை கிடையாது. ஒரே கூடத்தில் பல விலாசக்காரர்கள், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பேரேடு என்று அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். கடன் வாங்க வந்தவர் எல்லார் கண்ணிலும் படுவார். ஆனால் எவ்வளவு வாங்கினார், எதை அடமானம் வைத்தார் என்பது ஒரு பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

இன்றைய போர்ட்டலும் கிட்டத்தட்ட ஒரு கிட்டங்கிதான். பல லட்சம் பேருடைய விவரங்கள் ஒரே கூடத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தக் கூடமே நிறுவனத்தின் சொந்தக் கட்டடம் இல்லை. வேறொரு கம்பெனியின் கணினிகளில் வாடகைக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் பெட்டி உங்களுக்கு மட்டும் திறக்க வேண்டும், பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் திறக்கக் கூடாது. இதை எப்படிச் செய்கிறார்கள்?

பாலும் ஷீட்டும்

முதலில் கடவுச்சொல். 'பாஸ்வோர்ட்' என்று நாம் சொல்வது. நீங்கள் ஒரு சொல்லைப் போடுகிறீர்கள். நிறுவனம் அதை எங்கே எழுதி வைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் எங்குமே எழுதி வைத்திருக்காது. வியப்பாக இருக்கிறதா?

ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாலில் ஆசிட் விட்டு உறைய வைக்கிறோம். உருளை மிஷினில் கொடுத்துத் தட்டையாக்கிப் புகைவீட்டில் தொங்க விடுகிறோம். ஷீட் ஆகிவிடுகிறது. அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு யாராவது திரும்பப் பாலாக்க முடியுமா? முடியாது. உங்கள் கடவுச்சொல்லையும் கணினி இப்படித்தான் ஒரு மிஷினில் கொடுத்து, திரும்ப முடியாத ஒரு நீண்ட எழுத்துக் கோவையாக்கிவிடுகிறது. அந்த 'ஷீட்'டை மட்டும்தான் வைத்திருக்கிறது. மறுமுறை நீங்கள் வந்து சொல்லைப் போட்டால், அதையும் அதே மிஷினில் விட்டு, வருகிற ஷீட்டும் இருக்கிற ஷீட்டும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றானால் கதவு திறக்கும். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் ஷீட் வேறு வேறாக வரும்படி, ஒவ்வொருவர் பாலிலும் ஒரு தனிச் சிட்டிகை கலந்துவிடுகிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'உப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! இதனால் என்ன லாபம்? திருடன் புகைவீட்டையே கொள்ளையடித்தாலும் ஷீட்தான் கிடைக்கும், பால் கிடைக்காது. ஆனால் '123456' போன்ற சொல்லை வைத்திருந்தால், அவன் ஊகித்துப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அதற்கு எந்த மிஷினும் பொறுப்பில்லை.

இதிலிருந்து நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று ஒரு நிறுவனத்திடம் சொல்லுங்கள். புதுச்சொல் வைக்க வழி காட்டினால் நல்லது. "உங்கள் பழைய சொல் இதுதான்" என்று எடுத்துக் கொடுத்தால் உஷாராகிவிடுங்கள். அவர்கள் பாலை வாளியோடு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, வழியில் நடக்கும் காவல். உங்கள் கைப்பேசியிலிருந்து நிறுவனத்துக்குப் போகிற ஒவ்வொரு எழுத்தும் சங்கேதமாக மாற்றப்பட்டுத்தான் போகிறது. போஸ்ட் கார்டுக்கும் ஒட்டிய உறைக்கும் உள்ள வித்தியாசம். திரையில் முகவரிக்குப் பக்கத்தில் காட்டுகிற சின்னப் பூட்டுக்கு அதுதான் பொருள். ஒரு எச்சரிக்கை: பூட்டு இருந்தால் உறை ஒட்டியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். உறை யாருக்குப் போகிறது என்பதை அது சொல்லாது. மோசடிக்காரனும் தன் தளத்துக்குப் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருக்கிறான். நம் நாட்டு வங்கிகள் சிலவற்றில், கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே, நீங்கள் முன்பு தேர்ந்தெடுத்து வைத்த ஒரு படத்தையோ சொல்லையோ காட்டுவார்களே, அது இதற்காகத்தான். உங்களை அவர்கள் அடையாளம் கேட்பதற்கு முன், அவர்கள் தங்கள் அடையாளத்தை உங்களுக்குக் காட்டுகிறார்கள். வேறு சொல் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு, அந்த ஆறு இலக்க எண். குறுஞ்செய்தியில் வருவது. இதைத் திருடுவதற்கென்றே கெட்ட செயலிகள் வந்துவிட்டன. 'கல்யாணப் பத்திரிகை', 'வீட்டுச் சுத்தம் மலிவு விலையில்' என்று ஏதோ ஒரு கோப்பு வரும். தொட்டால் அது கைப்பேசிக்குள் இறங்கி, வருகிற எண்ணை எல்லாம் எங்கோ இருக்கிற ஒருவனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதனால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணை விட்டுவிட்டுக் கூடுதல் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசிதான் ஒப்புதல் தரலாம், புதிய கைப்பேசியைப் பதிந்தால் உடனே பணம் அனுப்ப முடியாமல் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடுகளும் அப்போது சொல்லப்பட்டவைதான். அவசரத்துக்குப் பணம் அனுப்ப முடியவில்லையே என்று நானும் சலித்துக்கொண்டவன்தான். அந்தச் சில மணி நேரத்தில் காப்பாற்றப்பட்ட பணம் யாருடையது என்று நமக்குத் தெரிவதில்லை.

இவை எல்லாம் வெளி ஆளுக்கான பூட்டு. உள்ளே இருக்கிறவர்களுக்கு? இங்கேதான் பழைய கிராணியார் அலமாரிக்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம். கிராணியார் யாருடைய ஏட்டை எத்தனை முறை புரட்டினார் என்று யாராலும் சொல்ல முடியாது. கணினி சொல்லும். எந்த ஊழியர், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருடைய பக்கத்தைத் திறந்தார் என்பதை எழுதிக்கொண்டே இருக்கும்படி அதை அமைக்கலாம். முகப்பில் இருக்கும் பெண்ணுக்கு உங்கள் அடையாளக் கார்டின் கடைசி நான்கு எண்ணும், கட்டணம் பாக்கியா இல்லையா என்பதும் தெரிந்தால் போதும். உங்களுக்கு என்ன அறுவை சிகிச்சை என்பது அவளுக்கு எதற்கு? நல்ல நிறுவனங்கள் அதை மறைத்தே காட்டுகின்றன.

கம்பெனிக்குள் கம்பெனி

2019 செப்டம்பரில் நடந்த ஒன்றை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். மலிண்டோ ஏர் விமானக் கம்பெனியை உங்களில் பலருக்குத் தெரியும். திருச்சிக்கும் பறந்தது. இப்போது அதன் பெயர் பாத்தேக் ஏர் மலேசியா. அதன் பயணிகளின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், தொலைபேசி எண் என்று லட்சக்கணக்கான விவரங்கள் இணையத்தில் கைமாறுவது வெளியே தெரிந்தது. முதலில் எல்லாரும் ஏதோ வெளிநாட்டுக் கணினித் திருடன் என்றுதான் எண்ணினார்கள். கடைசியில் கம்பெனி சொன்ன காரணம் வேறு. டிக்கெட் விற்பனைக்கான இணைய வேலைகளைச் செய்து கொடுத்த கோகூவோ என்ற நிறுவனத்தில், இந்தியாவில் உள்ள அதன் மையத்தில், முன்பு வேலை பார்த்த இருவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கடன் அட்டை விவரங்களைத் தன் கணினிகளில் வைத்திருக்கவில்லை என்று மலிண்டோ சொன்னது. அது ஒரு நல்ல பழக்கம். வைத்திராத ஒன்றைத் திருட முடியாது.

அக்காவின் கதையும் இதுவும் அளவில் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் இரண்டிலும் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி கொடுக்கப்பட்டவர் போன பிறகும் சாவி அவரோடு இருந்தது.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2017 அக்டோபரில், இன்னும் பெரிய கசிவு வெளியாயிற்று. லோயாட் என்ற இணையதளம் அதை வெளிப்படுத்தியது. 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள்! அந்த ஆண்டு மலேசியாவின் மக்கள் தொகையே ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம்தான். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. ஆகவே, "என் பெயரும் ஐ.சி. எண்ணும் அவனுக்கு எப்படித் தெரிந்தது? அப்படியானால் அவன் உண்மையான போலீஸ்தான்" என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பெயரும் எண்ணும் தெரிந்திருப்பது இன்று எதற்கும் சாட்சி அல்ல.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். பினாங்கு என்றால் 07, கெடா என்றால் 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டே ஒருவர் உங்களைப் பற்றி இத்தனை சொல்லிவிட முடியும். யாராவது கார்டின் நகல் கேட்டால், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதி, தேதியும் போட்டுக் கொடுங்கள். யார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு தூரம்?

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. வியாபாரத்துக்காக உங்கள் விவரங்களை வாங்குகிற எந்த நிறுவனமும் ஏன் வாங்குகிறது என்று சொல்ல வேண்டும், சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும், வேலை முடிந்தால் அழிக்க வேண்டும் என்கிறது அது. 2024ல் அதைத் திருத்தினார்கள். மலிண்டோ விவகாரத்தில் பார்த்தோமே, பிறருக்காக வேலை செய்து கொடுக்கும் கம்பெனி, அதுவும் இப்போது பாதுகாப்புக்கு நேரடியாகப் பொறுப்பு. கைரேகை போன்ற உடல் அடையாளங்கள், நோய் விவரத்தைப் போலவே, கூடுதல் கவனத்துக்குரியவையாகிவிட்டன. அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகவும், சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், விவரம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் பெரும் தீங்கு வரும் என்றால் அதற்குப் பின் 7 நாளுக்குள் அவருக்கும் சொல்ல வேண்டும். அதற்கு முன் கசிந்தது தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க நிறுவனங்களுக்கு இடம் இருந்தது.

இதில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. இந்தச் சட்டம் மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. இரண்டாவது, நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. உங்கள் விவரங்களை ஏன் வாங்குகிறோம் என்று நிறுவனம் கொடுக்கும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழில் தரக் கூடாது என்று சொல்லவில்லை. தந்தாக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆகவே தருவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு மரம் வெட்டப் போன ஓர் அம்மா, திரையில் நாலு பக்கம் ஓடும் ஆங்கிலத்தைக் கண்டு என்ன செய்வார்? 'சம்மதம்' என்ற பொத்தானைத் தொடுவார். அல்லது கைப்பேசியை அந்த நல்ல பிள்ளையிடம் கொடுப்பார். அக்காவின் சாவி கைமாறிய இடமே அதுதான்.

நிறுவனத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அறுபது வயது அம்மாவின் கணக்கில் முகவரின் எண்ணே பதியப்படுகிறது என்றால், கணினி அதைப் பார்த்து நிறுத்த வேண்டாமா? ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர் பெயரில் ஏற்க மாட்டேன் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 1972லேயே இன்டெல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்த ஊர் இது. எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போய், கண் வலிக்க உட்கார்ந்து, கணினிக்கான சில்லுகளைச் செய்து கொடுத்த மாநிலம். அவர்களுடைய தாய்மாருக்குச் சொந்தக் கணக்கைத் திறக்க ஆள் தேடும் நிலை!

சரி, நீங்கள் இன்றே செய்யக்கூடியது என்ன? உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு கணக்கிலும் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை உதவி செய்யட்டும், தவறில்லை. ஆனால் எண் உங்களுடையதாக இருக்கட்டும். எழுதப் படிக்கத் தயக்கமாக இருந்தால் கிளைக்கு நேரில் போங்கள். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 21 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். விளம்பரத்துக்கு என் எண்ணைப் பயன்படுத்தாதே என்றும் எழுதலாம். கேட்டும் காது கொடுக்காவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம். 1969 முதல் இயங்கிவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் மஸ்ஜித் நெகிரி சாலையில் இருக்கிறது. வழி கேட்டு அங்கே போகலாம். மோசடியில் பணமே போய்விட்டது என்றால் யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ போன் செய்யுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் பிடிக்க வேண்டும்.

அக்காவுக்கு மகள் மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. நாலு தாள். மருத்துவமனைச் செலவுக்கான பணமும் அந்த வாரமே வங்கியில் விழுந்துவிட்டது. இரவு விளக்கைப் போட்டு, மகள் வரி வரியாகப் படிக்க, அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். கைப்பேசி எண் சரி. வீட்டு முகவரி சரி. நாலாம் தாளின் அடியில், ஆண்டுக் கணக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் என்று ஒரு வரி. அதில் இன்னும் அந்தப் பிள்ளையின் முகவரிதான் நின்றுகொண்டிருந்தது.

அவர் கைப்பேசியில் இருக்கும் மைகார்டு படத்தை என்ன செய்வது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை மறுபடியும் படகு ஏறுகிறோம்.